மோரிஸ்டவுன் நாய்களும் அவற்றை வளர்த்துக் கொடுப்பவர்களும்

செவ்வாய், எடிசன், நியூ ஜெர்சி

விமானக் களைப்பு இன்னும் போகவில்லை. மத்தியானம் கண் சொக்குகிறது, நள்ளிரவில் பசிக்கிறது. இருந்தாலும் இன்றே எழுதத் தொடங்குகிறேன். அன்றன்று பார்த்ததை அன்றிரவே பதிவிடுவதாகத் திட்டம்.

இந்தப் பக்கம் வருகிற நம்மவர்கள் நயாகரா போவார்கள், வாஷிங்டன் போவார்கள், பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குப் போவார்கள். எனக்கு இந்த முறை போக வேண்டிய ஊர் மோரிஸ்டவுன். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கிக் கொடுக்கும் ‘தி சீயிங் ஐ’ நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. 1929இல் தொடங்கியது. இன்று இயங்கிக்கொண்டிருக்கும் வழிகாட்டி நாய்ப் பள்ளிகளில் உலகிலேயே பழையது அதுதான்.

ஏன் இந்த ஆர்வம் என்று தங்கையே கேட்டாள். திருச்சியில் பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கப் போகிறவள் நான். அப்படி அறிமுகமான தம்பி ஒருவர் இப்போது அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். வெள்ளைக் கோலோடு தினமும் பேருந்து மாறிப் பள்ளிக்குப் போய் வருகிறார். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் போன் செய்தார்.

“அக்கா, நாய் சிக்னல் பார்த்து ரோடு கிராஸ் பண்ணுமா? தெருநாய் குறுக்க வந்தா என்ன பண்ணும்? அப்புறம், ஒரு வருஷம் வீட்டுல வச்சு வளர்த்துட்டுத் திருப்பிக் குடுக்கிறவங்க இருக்காங்களாமே, அவங்க அதை எப்படித் தாங்குறாங்க? கேட்டுட்டு வாங்க.”

முதல் இரண்டுக்கும் புத்தகத்தில் பதில் கிடைத்துவிடும். மூன்றாவது கேள்விதான் என்னை இங்கே இழுத்து வந்திருக்கிறது. நல்ல காலம், தங்கை வீட்டுக்குச் சில வீடுகள் தள்ளியே அப்படி ஒரு குடும்பம் இருக்கிறது. வீட்டம்மா நர்ஸ், கணவர் தபால்காரர், ஒரு பையன், ஒரு பெண். இரண்டாவது குட்டியை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

புதன், நியூயார்க், வெஸ்ட் தெரு

காலையிலேயே ரயிலேறி நியூவார்க் போய், அங்கிருந்து பாத் ரயில் பிடித்து, நடுவில் மாறி, கிறிஸ்டோபர் தெருவில் இறங்கினேன். மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் வெஸ்ட் தெரு. அதற்கப்பால் ஹட்சன் ஆறு. இப்போது ஆற்றங்கரை முழுக்கப் பூங்கா, சைக்கிள் பாதை. ஆனால் தெரு மட்டும் அகலமான நெடுஞ்சாலைதான். பச்சை விளக்கு விழுந்தும் நான் வேகமாகத்தான் கடக்க வேண்டியிருந்தது.

1928 ஜூனில் மோரிஸ் ஃபிராங்க் என்ற 20 வயது இளைஞர் இந்தத் தெருவைத் தன் நாயுடன் தனியாகக் கடந்து காட்டினார். கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டென்னசி மாநிலத்து நாஷ்வில்காரர். ஆறு வயதில் குதிரைமேல் போகும்போது மரக்கிளை மோதி ஒரு கண் போயிற்று. 16 வயதில் குத்துச்சண்டையில் அடிபட்டு மற்றதும் போயிற்று. முதல் உலகப் போரில் பார்வை இழந்த சிப்பாய்களுக்கு ஜெர்மனியில் நாய்களைப் பழக்கித் தந்தார்கள். அதற்கான முதல் பள்ளி 1916இல் ஓல்டன்பர்க் நகரில் தொடங்கியது. போட்ஸ்டாமில் இருந்த இன்னொரு பள்ளியை நேரில் பார்த்த டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, 1927 நவம்பரில் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் அதைப் பற்றி எழுதினார். அவர் அப்போது சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களை வளர்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டுரையை மோரிஸுக்கு அவருடைய அப்பா வாசித்துக் காட்டினார். உடனே கடிதம் போனது.

அடுத்த வசந்தத்தில் மோரிஸ் அவரிடம் போகக் கப்பல் ஏறினார். பார்வையற்றவர் தனியாகப் பயணம் செய்வதை அன்று யாரும் ஏற்கவில்லை. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மூலம் ஒரு பார்சலைப் போலத்தான் அவரை அனுப்பிவைத்தார்கள். அறையில் வைத்துப் பூட்டினார்கள். ஒரு மனிதனைப் பூட்டி அனுப்பியதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. திரும்பி வரும்போது கூட இருந்தது பட்டி என்ற பெண் நாய். நியூயார்க்கில் பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டு “எங்கே, இந்தத் தெருவைக் கடந்து காட்டுங்கள் பார்க்கலாம்” என்றார்கள். லாரிகளும் துறைமுகத்து வண்டிகளும் ஓயாமல் ஓடிய காலம். கடந்து முடித்ததும் யூஸ்டிஸுக்கு அவர் கொடுத்த தந்தியில் ஒரே வார்த்தைதான் இருந்தது: ‘வெற்றி’. அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் சீயிங் ஐ.

சிக்னல் கம்பத்தருகே நின்று இன்று வண்டிச் சத்தத்தைக் கவனித்தேன். தம்பியின் முதல் கேள்விக்கு விடை அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது. நாய் சிக்னல் பார்ப்பதில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது அதன் கண்ணுக்குக் கடினம். எந்தப் பக்கத்து வண்டிகள் நின்றன, எந்தப் பக்கத்து வண்டிகள் கிளம்பின என்று காதால் கேட்டு, ‘ஃபார்வர்ட்’ என்று கட்டளை கொடுக்க வேண்டியவர் மனிதர். எங்கே போக வேண்டும், எத்தனையாவது திருப்பம் என்பதையும் அவரே மனதில் வைத்திருக்க வேண்டும். கட்டளை கொடுத்த பிறகு வண்டி வந்துவிட்டால் நாய் அசையாது. சொன்ன பேச்சை மீறி நின்றுவிடும். அந்த மீறலையும் பழக்கித்தான் தருகிறார்கள்.

சத்தமில்லாத மின்சாரக் கார்கள் வந்த பிறகு காதை நம்புவது சிரமமாகிவிட்டது. பார்வையற்றோர் அமைப்புகள் விடாமல் கேட்டதன் பேரில், மெதுவாகப் போகும் மின்சார, ஹைபிரிட் வண்டிகள் செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே வந்தது.

வியாழன், எடிசன்

கதவைத் திறந்ததும் ரூபி என்ற மஞ்சள் லாப்ரடார் குட்டி ஓடி வந்தது. ஐந்து மாதம். என் மேல் தாவப் போகும் முன்பே பையன் “ரூபி, சிட்” என்றான். உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த பிறகுதான் என்னைத் தொட அனுமதித்தார்கள். வாலை மட்டும் அதனால் அடக்க முடியவில்லை.

ஏழு, எட்டு வாரக் குட்டியாக வரும். 13 முதல் 16 மாதம் ஆகும்போது திரும்பப் போய்விடும். இடையில் செய்ய வேண்டியவை ஏராளம். மனிதச் சாப்பாடு கூடாது. சோபாவில் ஏறக் கூடாது. சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் வெளிக்குப் போகப் பழக்க வேண்டும். அதற்கு ‘பார்க் டைம்’ என்று பெயர். படிக்கட்டு, லிஃப்ட், ரயில் நிலையம், சூப்பர் மார்க்கெட்டின் வழுக்கும் தரை, குழந்தைகள் கத்தும் பள்ளி மைதானம் எல்லாம் பார்த்துப் பயம் தெளிந்திருக்க வேண்டும். வழிகாட்டும் வித்தையை வளர்ப்பவர்கள் சொல்லித்தருவதில்லை. உலகத்தைக் கண்டு மிரளாத, மனிதரோடு இருக்கப் பிடித்த நாயாக ஆக்கித் தருவதே அவர்கள் பங்கு. மருத்துவச் செலவைப் பள்ளி ஏற்கிறது. தீனிக்கு ஒரு சிறு தொகையும் வரும். உழைப்புக்குச் சம்பளம் கிடையாது.

வட்டாரத்துக்கு ஒரு குழு இருக்கிறது. அடிக்கடி கூடுகிறார்கள். யாருடைய குட்டி எதற்குப் பயப்படுகிறது, யாருக்கு ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது, அந்த நாட்களில் குட்டி யார் வீட்டில் இருக்கும் என்றெல்லாம் அங்கே முடிவாகிறது. 1942இலேயே நியூ ஜெர்சியின் 4-எச் கிராமப்புற இளைஞர் மன்றக் குடும்பங்களை வைத்துத் தொடங்கிய ஏற்பாடு இது. பல வீடுகளில் குட்டிக்குப் பொறுப்பு பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்தான். இந்த வீட்டுப் பையன் காலை ஆறு மணிக்கு எழுந்து நடத்திக்கொண்டு போகிறான். பனி கொட்டும் ஜனவரியிலும் அதே ஆறு மணிதான்.

முதலில் வளர்த்த நாயின் பெயர் ஹேசல். கறுப்பு லாப்ரடார். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு ஒரே எழுத்தில் தொடங்கும் பெயராக வைப்பார்களாம். ஹேசலைத் திருப்பிக் கொடுத்தது இந்த வசந்தத்தில். வேனில் ஏற்றி அனுப்பினார்கள்.

என் கேள்வியைக் கேட்டேன். அந்த அம்மா உடனே பதில் சொல்லவில்லை. அடுப்பில் ஏதோ கிளறிவிட்டு வந்து சொன்னார்: “அவள் சாப்பிட்ட கிண்ணத்தைக் கழுவி எடுத்து வைக்கவே எனக்குப் பல நாள் ஆனது. வலிக்காது என்று யாரும் சொல்லி என்னைச் சேர்க்கவில்லை. வலிக்கும் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். நான் நர்ஸ். திடீரென்று பார்வை போனவர்கள் படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை தருவதைத் தாண்டி அவர்களுக்கு நான் தர முடிவது இது ஒன்று.”

பையன் அப்படியெல்லாம் பேசவில்லை. “எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. அடுத்த குட்டி வேண்டவே வேண்டாம் என்றேன்” என்றான். பிறகு ஏன் சம்மதித்தாய் என்றதற்கு, ரூபியின் காதைத் தடவிக்கொண்டே தோளைக் குலுக்கினான்.

நாளை மோரிஸ்டவுனில் ஹேசலின் ‘டவுன் வாக்’. பயிற்சி முடியும் தறுவாயில், வளர்த்த குடும்பத்தை வரவழைத்து, நாய் ஊருக்குள் வழிகாட்டி நடப்பதைத் தூர இருந்து பார்க்க விடுவார்கள். அது தெரிந்துதான் என் பயணத்தையே இந்த வாரத்துக்கு மாற்றிக்கொண்டேன். பள்ளியில் கேட்டு எனக்கும் அனுமதி வாங்கி வைத்திருக்கிறார்கள்.

வெள்ளி, மோரிஸ்டவுன்

அவர்கள் காரில் வந்தார்கள். நான் முன்னதாகவே ரயிலில் செகாக்கஸ் போய் மாறி வந்து சேர்ந்துவிட்டேன். இலை பழுக்கும் பருவம், வழியெல்லாம் மரங்கள் சிவந்திருந்தன. சுதந்திரப் போரில் வாஷிங்டன் தன் படையுடன் குளிர்காலத்தைக் கழித்த ஊர் என்று எங்கும் பலகைகள். அதையெல்லாம் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

ஊர் நடுவே சதுரமான பசும்புல் பூங்கா, ‘தி கிரீன்’. அதன் ஓரத்தில் மோரிஸ் ஃபிராங்கும் பட்டியும் வெண்கலத்தில் நிற்கிறார்கள். சீவர்ட் ஜான்சன் செய்து 2005இல் வைத்த சிலை. பீடம் கிடையாது; நம்மோடு சேர்ந்து நடைபாதையில் நடப்பதைப் போலவே இருக்கிறார்கள். கையை முன்னே நீட்டி ‘போகலாம்’ என்று சைகை காட்டுகிறார் மோரிஸ்.

காலையில் பள்ளி வளாகத்தைச் சுற்றிக் காட்டினார்கள். பள்ளி நாஷ்வில்லில் தொடங்கி, 1931இல் நியூ ஜெர்சியின் விப்பனிக்கு வந்து, 1960களில் இங்கே குடியேறியது. இதுவரை 17,000க்கும் மேற்பட்ட ஜோடிகளைச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பிந்தைய இரண்டின் கலப்பு ஆகியவைதான் பெரும்பாலும். நாய்களுக்கு நான்கு மாதப் பயிற்சி. பிறகு பார்வையற்றவர் வந்து இங்கேயே தங்கி, தனக்கென்று தேர்ந்த நாயோடு பழகுகிறார். முதல்முறை வருகிறவருக்கு ஏறக்குறைய நான்கு வாரம்.

நாயைச் சேர்த்துவைப்பதற்கு முன் ‘ஜூனோ நடை’ என்று ஒன்று உண்டு. நாய்க்குப் பதிலாகப் பயிற்சியாளரே ஹார்னஸின் (வழிகாட்டி நாயின் உடம்பில் மாட்டும் கைப்பிடி வைத்த வார்) மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் இழுத்து நடப்பார். எவ்வளவு வேகத்தில் நடக்கிறார், எவ்வளவு இழுப்பு அவருக்குப் பிடிக்கிறது, குரல் எப்படி என்று பார்ப்பார்கள். வேகமாக நடக்கும் கல்லூரி மாணவிக்கு ஒரு நாய், மூட்டு வலியுள்ள பெரியவருக்கு வேறொரு நாய்.

பணம் பற்றிக் கேட்டேன். முதல் நாய்க்கு 150 டாலர், அடுத்தடுத்த நாய்களுக்கு 50, முன்னாள் ராணுவத்தினருக்கு 1 டாலர். பல பத்தாண்டுகளாக மாறாத தொகை. ஒரு நாயை உருவாக்க ஆகும் உண்மைச் செலவு பல்லாயிரம் டாலர். அது நன்கொடையில் வருகிறது. பிறகு எதற்கு இந்தச் சிறு தொகை? தருமமாகப் பெற்றேன் என்று இல்லாமல், என் பணத்தில் வாங்கினேன் என்று அவர் சொல்ல முடிய வேண்டும் என்பதற்காக. பயிற்சி முடிந்ததும் நாய் முழுக்க அவருக்கே சொந்தம். இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களுக்கு மனிதரின் மரியாதை என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

மத்தியானம் இரண்டு மணிக்கு சவுத் தெருவில் ஒரு கடை வாசலில் நின்றோம். கூப்பிடக் கூடாது, விசில் அடிக்கக் கூடாது, காற்று எங்களிடமிருந்து நாய் பக்கம் வீசினால் இன்னும் பின்னே போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த அம்மா கணவரின் கையைப் பிடித்திருந்தார். சின்னப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூலையில் ஹேசல் வந்தது. தோல் ஹார்னஸ், நிமிர்ந்த கைப்பிடி, அதைப் பிடித்தபடி பயிற்சியாளர். நான் எதிர்பார்த்ததைவிட வேகமான நடை. நேர்க்கோட்டில் ஆட்களுக்கு நடுவே புகுந்து வந்தது. எங்களைக் கடந்து போன பிறகு இடைவெளி விட்டுப் பின்னாலேயே நடந்தோம்.

நடைபாதையில் பாதியை அடைத்து ஒரு ஏணி. ஹேசல் வேகம் குறைத்தது. தனக்கு மட்டும் இடம் இருந்தால் போதாது, வலப்பக்கத்தில் நடப்பவருக்கும் இடம் வேண்டும் என்று அளந்ததைப் போல இருந்தது. இடப்பக்கம் ஒதுங்கிச் சுற்றி மீண்டும் பழைய கோட்டுக்கே வந்தது. அடுத்து, தலை உயரத்தில் தொங்கிய ஒரு கிளை. நாய்க்கு அது தடையே இல்லை, அடியில் தாராளமாகப் போகலாம். ஆனாலும் விலகியது. ஒரு மரக்கிளையால் கண்ணை இழந்தவர் தொடங்கிய பள்ளி என்பது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது.

தெரு முனையில் நின்றது. பயிற்சியாளர் காது கொடுத்துக் கேட்டு ‘ஃபார்வர்ட்’ என்றார். இரண்டடி வைத்ததும் ஒரு கார் திடீரென்று குறுக்கே திரும்பியது. ஹேசல் அப்படியே நின்று பின்வாங்கி அவரையும் பின்னே தள்ளியது. எனக்கு நெஞ்சு படபடத்தது. காரை ஓட்டியவரும் பள்ளி ஊழியர்தான், இது பயிற்சியின் பாகம் என்று பிறகு தெரிந்தது.

பூங்கா ஓரத்தில் ஒரு அணில் குறுக்கே ஓடியது. ஹேசலின் தலை ஒரு கணம் திரும்பியது, கால் நிற்கவில்லை.

“அம்மா, அணில்! அவள் அணிலை விட்டுவிட்டாள்!” என்று பையன் கிசுகிசுத்தான். வீட்டில் இருந்தபோது அணிலைக் கண்டால் அவன் தோள்பட்டை கழன்றுவிடும் அளவுக்கு இழுக்குமாம். அப்பா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

கடைசி வரை ஹேசலை அவர்கள் தொடவில்லை. ஹேசலுக்கும் அவர்கள் வந்தது தெரியாது. அது யாரிடம் போகப்போகிறது என்பது அவர்களுக்கும் தெரியாது. எந்த மாநிலம் என்ற அளவுக்குச் சொல்வார்கள், அந்த நபரின் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்றார் அந்த அம்மா. முகம் தெரியாத ஒருவருக்காக ஓராண்டு காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கிறது இந்த வீடு.

அவர்கள் கிளம்பியதும் நான் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தேன். அருகே ஒரு பெரியவர், காலடியில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட். இது அவருடைய நான்காவது நாய். நான் கேட்பதற்கு முன்பே நாய் வேண்டாம் என்கிறவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பெரும்பாலான பார்வையற்றவர்கள் கோலோடுதான் நடக்கிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை என்றார். “கோல் தடையைத் தொட்டுச் சொல்லும். நாயோடு நடந்தால் தடை இருந்ததே எனக்குத் தெரியாது. வேகம் கிடைக்கும். ஆனால் தினமும் தீனி, குளியல், மழையில் வெளியே கூட்டிப்போவது எல்லாம் உண்டு. அதற்குத் தயாராக இருப்பவர் மட்டும் வரட்டும்.”

அவருக்கு எரிச்சல் ஊட்டுவது வாடகைக் கார்கள். நாயைக் கண்டதும் நிற்காமல் போய்விடுகிறவர்கள் இன்னும் உண்டு. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990லேயே வந்துவிட்டது. கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்கலாம்: இது உடற்குறை காரணமாகத் தேவைப்படும் நாயா, என்ன வேலைக்குப் பழக்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் கேட்கக் கூடாது, செய்து காட்டச் சொல்லக் கூடாது. சட்டம் இருந்தும் மழையில் நின்ற இரவுகளைச் சொன்னார்.

முந்தைய நாய்களைப் பற்றிக் கேட்டேன். “ஒவ்வொன்றும் ஏறக்குறைய எட்டு வருஷம். ஓய்வு பெறுகிற நாள் வரும். ஹார்னஸைக் கையில் எடுத்தால் அது எழுந்து வந்து நிற்கும், நான் மாட்ட மாட்டேன். குட்டியைக் கொடுத்துவிட்டு அழுகிறவர்களைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நானும் கொடுத்தவன்தான்.” அவருடைய மூன்றாவது நாய் இப்போது மகள் வீட்டில் இருக்கிறது.

சனி, மன்ஹாட்டன்

கல்லூரித் தோழி குவீன்ஸில் இருக்கிறாள். அவள் ‘பப்பீஸ் பிஹைண்ட் பார்ஸ்’ அமைப்புக்குத் தொண்டு செய்கிறாள் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. அது 1997இல் குளோரியா கில்பர்ட் ஸ்டோகா தொடங்கியது. நியூயார்க்குக்கு வடக்கே பெட்ஃபோர்ட் ஹில்ஸ் பெண்கள் சிறையில் முதல் குட்டிகள் போய்ச் சேர்ந்தன. தண்டனைக் கைதிகள் குட்டியைத் தங்கள் அறையிலேயே வைத்து வளர்க்கிறார்கள். அதற்கு வகுப்பு உண்டு, படிக்க வேண்டியது உண்டு, பரீட்சை உண்டு. முதலில் வழிகாட்டி நாய்களுக்கான குட்டிகளை வளர்த்தார்கள். இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் காயம்பட்டும் மனம் சிதைந்தும் திரும்பிய ராணுவத்தினருக்கு உதவி நாய்களைத் தரத் தொடங்கியது 2006 முதல். கொடுங்கனவில் அலறுகிறவரை எழுப்பும், விளக்கைப் போடும், கீழே விழுந்ததை எடுத்துக் கொடுக்கும்.

சிறையில் வளர்கிற குட்டிக்கு ஒரு சிக்கல். அதற்குச் சுரங்க ரயில் தெரியாது, வாசல் மணி தெரியாது, காபி மெஷினின் சத்தம் தெரியாது. ஆகவே வெளியே இருக்கும் தொண்டர்கள் குட்டியைச் சில மணி நேரமோ ஓர் இரவோ வீட்டுக்கு அழைத்துப் போய் ஊரைக் காட்டுகிறார்கள். என் தோழி செய்வது இதைத்தான்.

இன்று வந்த குட்டி கறுப்பு லாப்ரடார், முதுகில் சின்ன மேலங்கி. சுழலும் கதவைப் பார்த்ததும் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. தோழி இழுக்கவில்லை. பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, கதவு நாலைந்து முறை சுற்றும் வரை பேசாமல் இருந்தாள். பிறகு பக்கத்துக் கதவு வழியாகப் போனோம். சைரன் ஒலி வந்தபோது நடுங்கியது. இரண்டாவது சைரனுக்குக் காதை மட்டும் தூக்கியது. அப்புறம் அவள் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய் முகர்ந்துவிட்டு வந்து படுத்துக்கொண்டது.

திரும்ப அனுப்பும்போது எதற்குப் பயந்தது, எதற்குப் பயப்படவில்லை என்று குறிப்பு எழுதித் தருகிறாள். அந்தத் தாளுக்காக அங்கே ஒருத்தி காத்திருப்பாள் என்றாள். குழந்தையைப் பிரிந்து சிறைக்கு வந்த தாய்மார்களும் அதில் உண்டு. எந்தக் குற்றத்துக்காக உள்ளே இருக்கிறாள் என்று இவள் கேட்டதே இல்லை.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு உதவும் நாய்களைப் பற்றியும் தோழியிடம் பேசிக்கொண்டிருந்தேன். கலிஃபோர்னியாவின் சான்டா ரோசாவில் 1975இல் தொடங்கிய ‘கேனைன் கம்பேனியன்ஸ்’ இதில் முன்னோடி. கதவைத் திறக்க, விழுந்த சாவியை எடுத்து மடியில் வைக்க, விளக்கு சுவிட்சை அமுக்க என்று பழக்கி, பயனாளியிடம் காசு வாங்காமல் தருகிறார்கள். லாங் ஐலண்டின் மெட்ஃபோர்டில் அவர்களுக்கு ஒரு மையம் இருக்கிறது. இந்த முறை போக நேரமில்லை.

ஞாயிறு, எடிசன்

வெளியே போகவில்லை. தம்பிக்குப் போன் போட்டேன். அங்கே இரவு. சிக்னல் விஷயத்தைச் சொன்னேன். “அப்போ மூளை நம்மளோடதுதான்னு சொல்லுங்க” என்றார், சந்தோஷமாக.

தெருநாய்க் கேள்விக்கு: நம் ஊரைப் போல இங்கே தெருநாய்கள் திரிவதில்லை. ஆனால் கட்டாமல் விட்ட வளர்ப்பு நாய்கள் வழிகாட்டி நாயைக் கடித்துக் குதறுவது உண்டு. ஒருமுறை கடிபட்ட நாய் பயந்து வேலைக்கே லாயக்கில்லாமல் போய்விடக்கூடும். டஸ்டி என்ற சீயிங் ஐ குட்டி அப்படித் தாக்கப்பட்ட பிறகு, அதன் பெயராலேயே நியூ ஜெர்சியில் ஒரு சட்டம் வந்தது. வழிகாட்டி நாயைத் தாக்கவிட்டால் அது குற்றம். இதைக் கேட்டுவிட்டுத் தம்பி சொன்னார்: “நம்ம தெருவுல ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் போடணும்க்கா! நாய்க்கு முன்னாடி எனக்கு நடைபாதை வேணும். கடைக்காரர் பலகை, பைக், திறந்து கிடக்கிற சாக்கடை. அந்த நாயே வந்தாலும் எங்க ஒதுங்கும்?”

அவர் சொல்வதுதான் சரி. மோரிஸ்டவுனில் அந்த நாய் நேர்க்கோட்டில் நடந்ததற்கு, அங்கே ஒரு கோடு இருந்ததும் காரணம். தில்லைநகரில் நடைபாதை கேட்டு அவர் போட்டிருக்கும் மனுவில் என் கையெழுத்தும் வேண்டுமாம். ஊருக்கு வந்ததும் போடுகிறேன் என்றேன்.

மூன்றாவது கேள்விக்கு விடையாக அணில் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்தப் பையன் பேரு என்னக்கா?” என்று கேட்டார். சொன்னேன். இங்கே எழுதப்போவதில்லை.

திங்கள், எடிசன்

நாளை விமானம். பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அந்த நர்ஸ் அம்மா ரூபியோடு விடைகொடுக்க வந்தார். நன்றி நவிலல் நாள் வாரத்தில் அவர்கள் ஓஹையோவில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போகிறார்களாம். பாட்டிக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது. குழுவில் வழக்கமாக ரூபியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் இந்த முறை வேறொரு குட்டி இருக்கிறது.

தங்கை நாய் என்றால் பத்தடி தள்ளி நிற்பவள். சின்ன வயதில் பாலக்கரையில் துரத்திய நாயை இன்னும் மறக்கவில்லை. இந்த வாரம் முழுக்க என் பதிவுகளை முதலில் படித்தவளும் அவள்தான். திடீரென்று, “நாங்கள் வைத்துக்கொண்டால் குழுவில் ஒப்புக்கொள்வார்களா?” என்று கேட்டாள். அவள் கணவர் என்னைப் பார்த்தார்.

யார் வேண்டுமானாலும் வைத்துக்கொண்டுவிட முடியாதாம். குழுப் பொறுப்பாளர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும், இரண்டு கூட்டங்களுக்குப் போக வேண்டும். அடுத்த கூட்டம் இந்த வியாழக்கிழமை. தங்கை நாட்காட்டியில் குறித்துக்கொண்டாள். பிறகு இருவரும் சமையலறைக்குப் போய், வெங்காயக் கூடையையும் திராட்சை டப்பாவையும் எந்த உயரத்துக்கு ஏற்றி வைக்க வேண்டும் என்று பேசத் தொடங்கினார்கள். இரண்டுமே நாய்க்கு விஷமாம்.